ரோட்டுக் குழியை எங்க சொல்றது: கவுன்சில் ஃபார்மா, ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்டா, போனா?

பிரிட்டன்ல சைக்கிள் ஓட்டுறவங்ககிட்ட குழியைப் பத்தி எங்க கம்ப்ளைண்ட் பண்ணணும்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. என்னைக் கேட்டா எதுல சீக்கிரம் மூடுவாங்கங்கறதை விட எதுல தேதி போட்டு எழுத்துல பதிவு நிக்குதுங்கறதைத்தான் முதல்ல பாக்கணும். 1980 ஹைவேஸ் சட்டத்துல 41வது பிரிவு ரோட்டைப் பராமரிக்கிறது கவுன்சில் மாதிரி ரோட்டுக்குப் பொறுப்பான உள்ளாட்சியோட கடமைன்னு சொல்லுது, ஆனா 58வது பிரிவு, நாங்க நியாயமா பண்ண வேண்டிய அளவுக்குப் பண்ணிட்டுதான் இருந்தோம்னு அவங்க நிரூபிச்சா நஷ்டஈடு குடுக்காம தப்பிக்க வழி விடுது. ஏற்கனவே ஒருத்தர் எழுதிப் போட்ட குழின்னா எங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்ல முடியாது பாருங்க, நாளைக்கு அதுல விழறவருக்கு உங்க பதிவு ரொம்ப உதவும்.

கவுன்சில் வெப்சைட் ஃபார்ம் நேரா அவங்க சிஸ்டத்துக்குப் போகும், பெரும்பாலும் ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், அது பெரிய பிளஸ். தலைவலி என்னன்னா எந்த கவுன்சில்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். குப்பை எடுக்கறது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலா இருக்கும், ரோடு கவுண்டி கவுன்சிலோடதா இருக்கும், பெரிய ஏ ரோடுன்னா (முக்கிய நெடுஞ்சாலை) நேஷனல் ஹைவேஸ்ங்கற அரசு நிறுவனம், லண்டன்ல ரெட் ரூட்னா (ஓரத்துல சிவப்புக் கோடு போட்ட முக்கிய ரோடு) டிஎஃப்எல்ங்கற லண்டன் போக்குவரத்து அமைப்பு. வெளியூர்ல ஓட்டிட்டு வர்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் ஜெயிக்கிறது இங்கதான். மைசொசைட்டிங்கற தொண்டு அமைப்பு 2007லேர்ந்து நடத்துற வெப்சைட் இது, மேப்ல பின்னைக் குத்தி போட்டோ போட்டா எங்க அனுப்பணும்னு அதுவே பாத்துக்கும். போட்டது எல்லாருக்கும் தெரியும், நாலு வாரம் கழிச்சு சரியாச்சான்னு மெயில் வேற வரும். குறைன்னா சில இடத்துக்கு அது வெறும் ஈமெயிலாதான் போகும், கவுன்சிலோட நம்பர் கைக்கு வராமலே போகலாம்.

போன், சாக்கடை மூடி காணோம்ங்கற மாதிரி இப்பவே ஆபத்துன்னா மட்டும், அப்ப ஃபார்ம் நிரப்பிட்டு உக்காராதீங்க. சோஷியல் மீடியாவுல போடறது மனசு ஆற போடலாம், அவ்ளோதான்.

எதுல போட்டாலும் எப்படி எழுதறீங்கங்கறதுலதான் பாதி வேலை இருக்கு. நிறைய கவுன்சில் சுமார் 40 மில்லிமீட்டர் ஆழம் இருந்தாதான் குழின்னு எடுத்துக்கும், அது காருக்கு ஓகே. சைக்கிளுக்குப் பயமே ரோடு போற திசையிலயே நீளமா ஓடுற வெடிப்புதான், ஆழம் கம்மியா இருந்தாலும் 25 மில்லிமீட்டர் டயர் கச்சிதமா உள்ள இறங்கிடும், அப்புறம் ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வராது. அதனால "பெரிய குழி"ன்னு எழுதாம, "ஓரத்துலேர்ந்து ஒரு மீட்டர்ல, சைக்கிள் போற லைன்ல, டயர் மாட்டுற அகலத்துல வெடிப்பு"ன்னு எழுதுங்க. அளவு தெரிய பக்கத்துல பம்ப்பை வச்சு போட்டோ எடுங்க, வண்டி வர்ற ரோட்டுல குனிஞ்சு டேப் புடிக்கிற வேலையெல்லாம் வேணாம்.

நான் எப்பவும் முதல்ல ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட்லதான் போடுவேன், நடவடிக்கை தேவையில்லைன்னு கவுன்சில் அந்தப் புகாரை முடிச்சுட்டா அப்புறம்தான் கவுன்சில் ஃபார்ம், பழைய லிங்க்கையும் அதுல ஒட்டிடுவேன். தண்ணி பைப்போ கேஸ் பைப்போ போட தோண்டி மூடின இடம் அமுங்கியிருந்தா அதையும் எழுதுங்க, அதைச் சரியா மூட வேண்டியது தோண்டின கம்பெனி பொறுப்பு, கவுன்சில் அவங்களைத்தான் புடிக்கும்.