“பக்கவிளைவு அறவே இல்லை” என்று விற்ற மூட்டுவலி மருந்து: 1,140 வெள்ளியும் போனது, அம்மாவின் உடம்பும் போனது

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். ‘சுத்த மூலிகை’ என்று நம்பி அம்மா நான்கு மாதம் விழுங்கிய மூட்டுவலி மருந்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணியும் கலந்திருக்கின்றனவாம். குப்பி 95 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று 12 குப்பி வாங்கினேன். மொத்தம் 1,140 வெள்ளி. இரவு முழுவதும் தூங்கவில்லை. இனி ஒருவர்கூட இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 66 வயது. சிங்கப்பூரில், ஈசூனில் என்னோடு இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசல் வரை நடப்பதற்குள் இரண்டு முறை நிற்பார். பலதுறை மருந்தகத்தில் (அரசு பாலிகிளினிக்) கொடுத்த மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, மாரடைப்பு அபாயம் என்று வரிசையாக இருந்தது. “வலியே தேவலை” என்று பெட்டியை அலமாரிக்குள் தள்ளிவிட்டார்.

அந்தப் பயத்தைத்தான் விற்பவர் பிடித்துக்கொண்டார். கைத்தொலைபேசியில் எல்லாரும் பொருள் வாங்கும் தளங்களில் ஒன்றில், வைத்தியப் பரம்பரை என்று சொல்லிக்கொண்டு கடை வைத்திருந்த ஒரு பெண்மணி. தைப்பூசம் முடிந்த வாரம் முதல் முறை பேசினோம். நாற்பது நிமிடம். எடுத்தவுடன் “அம்மா சாப்பிட்டார்களா?” என்று கேட்டார். நானும் அக்கா, அக்கா என்று பேசினேன். அவர் பொய்யிலிருந்து தொடங்கவில்லை. “வயாக்ஸ் என்று ஒரு மூட்டுவலி மாத்திரை இருந்ததே, 2004இல் கம்பெனியே உலகம் முழுவதும் திரும்பப் பெற்றதே, தெரியுமா? மாரடைப்பு வருகிறது என்று விற்றுத் தீர்த்த பிறகுதான் சொன்னார்கள். அவர்கள் சோதனையை எப்படி நம்புவீர்கள்?” என்றார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஒன்று உண்மையாக இருந்ததால் மற்றதையும் நம்பிவிட்டேன்.

அடுத்து ஆய்வகச் சான்றிதழ் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் நான்கும் வரம்புக்குள், கிருமி இல்லை என்று போட்டிருந்தது. அந்தத் தாள் போலி என்றுகூட நான் சொல்ல வரவில்லை. அதில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவே இல்லை. நான்கு உலோகத்தைச் சோதித்த தாளைப் பார்த்துவிட்டு முழு மருந்தையும் சோதித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்த நிமிடமே பேநவ் என்ற வங்கிப் பணமாற்று வசதி வழியாக, தளத்துக்கு வெளியே, மூன்று குப்பிக்குப் பணம் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வலி பறந்துவிட்டது. நான்காம் நாள் அம்மா தனியாகப் பெருவிரைவு ரயிலில் லிட்டில் இந்தியா போய், தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து குழம்பு வைத்தார். அந்தச் சந்தோஷத்தில் அக்காவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து நீளமாகப் பாராட்டி எழுதினேன். என் பாராட்டைப் படித்து எத்தனை பேர் வாங்கினார்களோ, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இரண்டாம் மாதம் அம்மாவின் கன்னம் உருண்டது. பசி தாளவில்லை. வலி போனதால் உடம்பு தேறுகிறது என்று நினைத்தோம். மூன்றாம் மாதம் வளையல் உரசிய இடமெல்லாம் கருநீலமாகக் கன்றியது. முன்கைத் தோல் வெங்காயச் சருகு போல் ஆனது. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “உடம்பில் தேங்கிய நச்சு வெளியேறுகிறது, நிறுத்திவிடாதீர்கள் மா” என்று பதில் வந்தது.

நான்காம் மாதக் கடைசியில் குப்பி தீர்ந்தது. அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார். ஐந்தாம் நாள் விடியற்காலை அம்மா குளியலறையில் வாந்தி எடுத்தபடியே சரிந்து விழுந்தார். 995ஐ அழைத்தேன். வந்தவர்கள் பார்த்தபோது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் முதலில் அம்மாவின் அடையாள அட்டையை வாங்கினார். அதிலிருந்த படத்தையும் கட்டிலில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “மூட்டுவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா?” என்றார். வேறு எதுவும் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்டார். பையில் ஒட்டிக்கிடந்த ஒரே ஒரு மருந்து உறையை (கேப்சூல்) எடுத்துக் கொடுத்தேன். தாதி அதை ஒரு காகிதத்தின் மேல் பிரித்துக் கொட்டினார். சுக்கு வாசனையோடு பழுப்புப் பொடி. நடுவே உப்புக்கல் போல வெள்ளைத் துகள்கள்.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு நாள்தோறும் வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுமாம். திடீரென்று வெளியிலிருந்து வருவதும் நின்றால் உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டு எங்கிருந்தும் கிடைக்காது. அம்மா அதனால்தான் விழுந்தார். கன்னம் உருண்டதும் தோல் கன்றியதும்கூட அந்த ஸ்டீராய்டால்தான். இதே டெக்ஸாமெத்தசோனை டாக்டர்களும் கொடுக்கிறார்கள். ஆனால் எவ்வளவு, எத்தனை நாள், எப்படிக் குறைப்பது என்று தெரிந்து கொடுக்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்தவர் அதில் அந்த மருந்து இருப்பதையே மறைத்துவிட்டார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அக்காவை அழைத்தால், “மற்றவர்களுக்கு வரவில்லையே, உங்கள் அம்மாவுக்கு வேறு நோய் இருந்திருக்கும்” என்றார். பணத்தைக் கேட்டேன். “திறந்த குப்பிக்குப் பணம் திரும்பாது” என்றார். இரண்டாம் முறை அழைத்தபோது என் எண்ணையே தடுத்துவிட்டார். தளத்தில் முறையிட்டேன். ஆறு முறை ஒரே பதில்: பொருள் கிடைத்தது என்று நீங்களே உறுதிசெய்திருக்கிறீர்கள், முறையிடும் காலம் கடந்துவிட்டது, தவிர பணம் எங்கள் வழியாக வரவில்லை. அம்மா ஐசியுவில் இருக்கிறார் என்று எழுதினேன். “உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்” என்று சிரித்த முகம் ஒன்று வந்தது. 1,140 வெள்ளி என்பது அம்மா பகுதிநேரமாகத் துப்புரவு வேலை பார்த்துச் சேர்த்த பணம். அதை என்னிடம் கொடுத்தபோது ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார்.

மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்து தேடியபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. இந்த ஊருக்கு இது புதிதே அல்ல. 2002இல் மெலிவு மாத்திரை ஒன்றைச் சாப்பிட்டு நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் கல்லீரல் செயலிழந்தது. அவருடைய காதலர் தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். 2008இல் ஐந்து மாதத்துக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஆண்மைக்கென்று விற்ற கள்ள மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது தெரியவந்தது. நால்வர் இறந்தார்கள்.

அந்த வயாக்ஸ் கதையையும் இப்போதுதான் முழுதாகப் படித்தேன். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்பதைக் காட்டியது, அந்த மருந்தை வைத்து நடந்த ஒரு சோதனைதான். தாமதம்தான், அதற்குள் பலர் பாதிக்கப்பட்டார்கள், அதை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் அங்கே எண்ணிப் பார்க்க ஆள் இருந்தார்கள். அம்மா விழுங்கிய உறைக்கு யார் எண்ணினார்கள்? பலதுறை மருந்தகத் தாளில் மாரடைப்பு என்று அச்சடித்திருந்தது, யாரோ ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்ததால். இந்தக் குப்பியில் பக்கவிளைவு இல்லை என்று போட்டிருந்தது, யாருமே பார்க்காததால். இது எனக்கு நான்கு மாதத்துக்கு முன்னால் தோன்றவில்லை.

என்ன செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன். நேரம் இல்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தீராத மூட்டுவலி மூன்றே நாளில் போனால் சந்தேகப்படுங்கள். முகம் உருண்டால் மருந்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், குப்பியோடு அன்றே டாக்டரிடம் போங்கள், நிறுத்துவதே ஆபத்து. சிங்கப்பூரில் சித்தா, ஆயுர்வேதம் போன்ற நம் நாட்டு மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் விற்பதற்கு முன் யாரும் சோதித்து அனுமதி தருவதில்லை, விற்பவர்தான் பொறுப்பு. ஆங்கில மருந்து பதிவானதா என்பதைச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். குப்பியை வீசிவிடாதீர்கள், ஒரே ஓர் உறை மிஞ்சியதால்தான் எங்களுக்கு உண்மை தெரிந்தது.

ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்றால், விற்பவரின் உண்மையான பெயரும் முகவரியும் என்னிடம் இல்லை. அதே குப்பிப் படத்தோடு இவரிடம் வாங்கிய வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அம்மா கூப்பிடுகிறார், சுரப்பி தராததை ஈடுகட்டும் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தைக் கொடுக்க வேண்டும், நேரம் தவறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.