ஆர்எஃப்டிஃப்யூஷனும் புரோட்டீன்எம்பிஎன்என்னும்: நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு

புதுப் புரதம் வடிவமைக்க வருகிறவர்களுக்கு ஆர்எஃப்டிஃப்யூஷன், புரோட்டீன்எம்பிஎன்என் என்ற இந்த இரண்டு செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களையும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் புரதத்தாலேயே அசையும் இயந்திரம் செய்ய வேண்டும் என்று வந்தால் கொஞ்சம் பொறுமை தேவை.

ஆர்எஃப்டிஃப்யூஷன் சியாட்டிலில் டேவிட் பேக்கர் குழு உருவாக்கியது, இலவசம், 2023-ல் நேச்சர் ஆய்விதழில் வெளியானது. அது தருவது வெறும் முதுகெலும்புதான், அதாவது எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் என்று முடிவாகாத புரதச் சட்டகம். கோப்பைத் திறந்தால் புதிதாக வரைந்த பகுதி முழுக்க கிளைசின் என்ற மிக எளிய அமினோ அமிலமாகவே, இடத்தை நிரப்ப மட்டும், இருக்கும். அதற்குப் பொருந்தும் அமினோ அமில வரிசையைப் புரோட்டீன்எம்பிஎன்என் சில நொடிகளில் எழுதிவிடும், அப்புறம் அந்த வரிசையை, வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு2-க்குக் கொடுத்து அதே வடிவம் திரும்பி வருகிறதா என்று பார்க்கணும். சுருள்களாக அடுக்கினால் பெரும்பாலும் வரும். பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுத்த புரதத்தை 95 டிகிரி வரை சூடாக்கியும் சிடி கோடு (புரதத்தின் மடிப்பு குலைகிறதா என்று ஒளியால் காட்டும் அளவீடு) அசையாமல் நின்றதைப் பார்த்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப் போனேன்.

இயந்திரத்துக்கு அந்த உறுதியே தடை. மடங்கி விரிய வேண்டிய கீல் ஒரே நிலையில் இறுகி நின்றால் என்ன பயன்? ஆல்ஃபாஃபோல்டு தன் கணிப்புக்கு 100-க்குத் தரும் மதிப்பெண்ணான பிஎல்டிடிடி 90-ஐத் தாண்டினால், அந்த வடிவத்தின் மேல் ஆல்ஃபாஃபோல்டுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றுதான் அர்த்தம், அசைவைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2022-ல் இதே குழு அச்சும் அதைச் சூழ்ந்த வளையமும் வடிவமைத்தது. வளையம் பல கோணங்களில் நிற்பதை, உறையவைத்த மூலக்கூறுகளைப் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது, ஆனால் ஒரே திசையில் சுழற்ற எரிபொருள் கிடையாது, வெப்ப அலைச்சல் மட்டும்தான். நம் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்து செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செய்யும் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம் புரோட்டான் ஓட்டத்தால் ஒரே பக்கமாகச் சுழல்கிறதே, அந்த இடத்தை எட்ட இன்னும் தூரம் இருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது 2023-ல் வந்த கீல் புரதங்களின் வழிதான்: திறந்த நிலை, மூடிய நிலை இரண்டையும் சேர்த்தே புரோட்டீன்எம்பிஎன்என்னுக்குக் கொடுத்து, இரண்டுக்கும் ஒத்துவரும் ஒரே வரிசையை வாங்குவது. ஒரு பெப்டைடு (சிறு அமினோ அமிலச் சங்கிலி) வந்து ஒட்டினால் கீல் நிலை மாறும். இதிலும் நிறையவே வீணாகும். திரையில் அழகாக இருந்த சில, அளவின்படி பிரிக்கும் ஜெல் வடிகட்டிக் குழாயில் ஏற்றியதும் முதல் ஆளாக வெளியே வந்துவிடும்; அதில் பெரியவைதான் முதலில் வரும் என்பதால், எல்லாம் திரண்டு கட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் புரதத்தை பாக்டீரியாவில் வளர்க்கத் தேவையான ஜீனை ஆர்டர் கொடுக்கும்போது ஒரே வடிவத்தை நம்பாமல், கீல் வளையும் இடத்தில் வேறுபடும் பல வரிசைகளைச் சேர்த்தே அனுப்புங்கள்.