ஃப்ரீபிஎஸ்டி வொர்க்ஸ்டேஷனில் லிப்ரெஎன்எம்எஸ்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் ஓடும் ஒரு வொர்க்ஸ்டேஷனில், ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற நெட்வொர்க் கருவிகளைக் கண்காணித்து கிராஃப் வரையும் லிப்ரெஎன்எம்எஸ்ஸை நிறுவி, பல வருடங்களாகத் தினமும் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். நல்ல மென்பொருள், யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். ஆனால் அது வரைந்து காட்டும் எந்த எண்ணையும் ஒருமுறையாவது கையால் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். கிராஃப் அழகாக வருவதும் அதில் உள்ள எண் சரியாக இருப்பதும் வேறு வேறு விஷயம்.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. பேக்கேஜாகவே கிடைக்கிறது, கூடவே மரியாடிபி, எஞ்சின்எக்ஸ், பிஎச்பி, ஆர்ஆர்டிடூல், எஃப்பிங், நெட்-எஸ்என்எம்பி (கருவிகளிடம் கணக்கு கேட்கும் எஸ்என்எம்பி நெறிமுறைக்கான நிரல்கள்) எல்லாம் வேண்டும். இடறும் இடம் கோப்புப் பாதைகள்தான். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் லினக்ஸை மனதில் வைத்து எழுதியவை, இங்கே தனியாக நிறுவும் நிரல்களோ பேஷ் உட்பட எல்லாமே யூஎஸ்ஆர் லோக்கல் டைரக்டரியின் அடியில்தான் போய் உட்காரும். டெர்மினலில் கையால் ஓட்டினால் போலர் (கருவிகளிடமிருந்து எண்களை வாங்கி வரும் நிரல்) ஒழுங்காக வேலை செய்யும், அதையே கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) போட்டால் ஒன்றும் வராமல் போகலாம், ஏனென்றால் பயனரின் கிரானுக்குத் தெரிந்த பாத்தில் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) அந்த டைரக்டரி இல்லாமல் இருக்கலாம். கிரான்டாப் கோப்பின் தலையிலேயே பாத்தை எழுதிவிடுங்கள், எஃப்பிங்கும் எஸ்என்எம்பிகெட்டும் எங்கே இருக்கின்றன என்று கான்ஃபிகிலும் முழுப் பாதையோடு சொல்லிவிடுங்கள். கூடவே வரும் வேலிடேட் நிரல் இந்த மாதிரி குறைகளில் பலவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, கவுண்டருக்கு வருவோம். என் அனுபவத்தில் மற்ற எதையும்விட நேரம் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். ஓர் இன்டர்ஃபேஸ் (போர்ட்) வழியாக எத்தனை பைட் போனது என்று ஸ்விட்ச் எண்ணிக்கொண்டே இருக்கிறது. மென்பொருள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணை வாங்கி, முன்பு வாங்கியதை அதிலிருந்து கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுத்து, அதை வேகம் என்று வரைகிறது. பழைய கவுண்டர் 32 பிட். சுமார் 429 கோடி பைட் ஆனதும் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் லைன் முழுவீச்சில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 5.7 நிமிடம் பிடிக்கும், அதனால் 5 நிமிட இடைவெளியில் எப்படியோ பிழைத்துக்கொள்ளலாம். 1 கிகாபிட்டில் வெறும் 34 நொடி! இரண்டு வாசிப்புக்கு நடுவே எட்டு சுற்றுக்கு மேல் ஓடிவிடும், அத்தனை சுற்று போனது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை, கிராஃபோ லைன் பெரும்பாலும் காலியாக இருப்பதுபோல் சாதுவாக ஒரு கோடு காட்டும். 64 பிட் கவுண்டர் வேண்டுமென்றால் எஸ்என்எம்பி 2சி அல்லது 3 வேண்டும், முதல் பதிப்பில் அந்த வகையே கிடையாது. புதிதாக ஒரு ஸ்விட்ச் சேர்த்தால் நான் செய்வது இதுதான்: பெரிய கோப்பு ஒன்றை அதன் வழியே அனுப்பிக்கொண்டே, 64 பிட் கவுண்டரை எஸ்என்எம்பிகெட்டால் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை கேட்டு, கழித்து, பைட்டை பிட்டாக்க எட்டால் பெருக்கி, அறுபதால் வகுத்துப் பார்ப்பேன். கிராஃபும் அதற்குப் பக்கத்தில் வந்தால்தான் அந்தக் கருவியை நம்புவேன். ரொம்பக் குறைந்த இடைவெளி வேண்டாம், சில கருவிகள் கவுண்டரைச் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும்.

இன்னொன்று இஃப்இண்டெக்ஸ், ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் கருவி தரும் எண். கருவி ரீபூட் ஆனால் இன்டர்ஃபேஸ்களின் இந்த எண் மாறிவிடலாம், அப்படி மாறினால் ஒரு லைனின் பழைய வரலாற்றோடு வேறொரு லைனின் புதுக் கணக்கு ஒட்டிக்கொள்ளும். லிப்ரெஎன்எம்எஸ்ஸில் இண்டெக்ஸுக்குப் பதில் இன்டர்ஃபேஸின் பெயரை வைத்து அடையாளம் காணச் சொல்லும் அமைப்பு இருக்கிறது. கருவியைச் சேர்க்கும்போதே அதை மாற்றிவிடுவது நல்லது.

பாதுகாப்புக்கு எஸ்என்எம்பி பதிப்பு 3 தான். 2சி-யில் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் (கடவுச்சொல் போல வேலை செய்யும் சொல்) மறைக்கப்படாமல் அப்படியே நெட்வொர்க்கில் போகிறது, அதுவும் பப்ளிக் என்றே விட்டுவைத்திருக்கும் கருவிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். 3-ல் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நெட்-எஸ்என்எம்பியில் பயனரை உருவாக்கும்போது டீமனை (பின்னணியில் ஓடும் எஸ்என்எம்பி நிரல்) நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் டீமன் நிற்கும்போது தன் கோப்பைத் திரும்ப எழுதிவிடும், நீங்கள் சேர்த்த வரி போய்விடும். அப்புறம், ஒரே இமேஜிலிருந்து நகலெடுத்த இரண்டு சர்வர்களுக்கு இன்ஜின் ஐடி (எஸ்என்எம்பி இன்ஜினின் தனி அடையாளம்) ஒன்றாகவே இருந்தால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் பதில் விட்டுவிட்டு வரும். இன்ஜினின் நேரக் கணக்கு 150 நொடிக்கு மேல் விலகினால் செய்தியை நிராகரிக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஐடியில் இரண்டு கணக்கு இருந்தால் அது குழம்பத்தான் செய்யும்.

டிராப் (கருவி தானாகவே அனுப்பும் அறிவிப்பு) பற்றிச் சுருக்கமாக: யுடிபி போர்ட் 162-ல் வருகிறது, வந்து சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அதனால் அதை மட்டும் நம்பி அலர்ட் வைக்க வேண்டாம். டிராப்பை வாங்கும் எஸ்என்எம்பிடிராப்டி எதையும் வாங்காமல் சும்மா இருந்தால் முதலில் அதன் கான்ஃபிகில் ஆத்கம்யூனிட்டி வரி இருக்கிறதா பாருங்கள், அது இல்லாவிட்டால் வரும் எல்லாவற்றையும் கீழே போட்டுவிடும்.

கிராஃபின் எண்கள் சேரும் ஆர்ஆர்டி கோப்புகள் எவ்வளவு வருடம் ஆனாலும் வீங்குவதில்லை, இது எனக்கு மிகவும் பிடித்த குணம். விலை என்னவென்றால், பழைய தரவு சராசரியாகச் சுருங்கிக்கொண்டே போகும். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத் துல்லியம் 7 நாளுக்குத்தான், அதற்குப் பிறகு அரை மணி, இரண்டு மணி, ஒரு நாள் என்று போகும். போன வருடத்துக் கிராஃபில் சராசரிக் கோட்டை மட்டும் பார்த்து லைன் போதும் என்று முடிவெடுத்தால் உச்ச நேர நெரிசல் கண்ணில் படாது, அதிகபட்சக் கோட்டையும் சேர்த்துப் பாருங்கள். கருவிகள் கூடினால் டிஸ்க் திணறும், எண்களைச் சேர்த்து வைத்து ஒன்றாக எழுதும் ஆர்ஆர்டிகேஷ்டு போட்டதும் என் வொர்க்ஸ்டேஷன் மூச்சுவிட்டது.

அலர்ட்டில் கருவிகளுக்கு இடையே யார் யாரைச் சார்ந்தவர் என்று சொல்லிவிட்டால், மேலே உள்ள ரவுட்டர் விழுந்தால் கீழே உள்ள அத்தனைக்கும் தனித்தனியாக மெயில் வராது. இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம்.

மேம்படுத்தும்போது மட்டும் அவசரம் வேண்டாம். பிஎச்பி பதிப்பு மாறும், டேட்டாபேஸ் அமைப்பு மாறும். பேக்கேஜ்களைத் தொடுவதற்கு முன்னால் பிஇசிடிஎல் கட்டளை கொண்டு ஒரு பூட் சூழலை (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் நகல்) உருவாக்கி, டேட்டாபேஸையும் தனியாக டம்ப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தரவு தனி டேட்டாசெட்டில் (கோப்பமைப்பின் தனிப் பகுதி) இருந்தால் பூட் சூழலைத் திருப்பினாலும் அது திரும்பாது.