ஸ்பீச் தெரபி பட்டப்படிப்பு: வியட்நாம் வழி, உகாண்டா வழி, இலங்கை வழி

பேச்சிலும் விழுங்குவதிலும் வரும் சிக்கல்களுக்குச் சிகிச்சை தருபவர் ஸ்பீச் தெரபிஸ்ட். ஒரு நாட்டில் அப்படி ஒருவரே இல்லை என்றால், அங்கே முதல் ஸ்பீச் தெரபிஸ்ட்டுக்குப் பாடம் எடுப்பது யார்? பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அந்த வகுப்பறையில் யாரை விட்டுப் போகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் இந்த மூன்று வழிகளையும் எடை போடுகிறேன்.

வியட்நாமில் 2010 இல் ஹோ சி மின் நகரின் ஃபாம் நொக் தாக் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் ட்ரின் அறக்கட்டளை துணை நின்றது. ஏற்கெனவே மருத்துவத் துறையில் வேலை பார்த்தவர்களைத்தான் சேர்த்தார்கள். 2012 இல் 18 பேர் படித்து முடித்தார்கள். வேலை கையில் இருப்பதால் ‘படித்துவிட்டு எங்கே போவது’ என்ற கவலை இல்லை. சீக்கிரம் நோயாளிகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

இடறல் மொழியில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பயிற்றுநர் ஆங்கிலத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வியட்நாமியத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வியட்நாமியத்தில் ‘மா’ என்பதை ஒரு தொனியில் சொன்னால் அம்மா, இன்னொரு தொனியில் பேய், வேறொன்றில் நெல் நாற்று. குழந்தையின் தொனி எங்கே பிசகுகிறது என்று கேட்டுச் சொல்ல அந்த மண்ணின் காது வேண்டும். ஆங்கிலத்துக்கென்று எழுதிய சோதனைத் தாளில் அதற்கு இடமே இல்லை.

உகாண்டா நேராகப் பட்டத்துக்கே போனது. கம்பாலாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் 2008 இல் மூன்றாண்டுப் படிப்பு தொடங்கியது. 2011 இல் முதல் அணி வெளியே வந்தது. பட்டம் என்றால் மதிப்பு உண்டு, அரசிடம் பணியிடம் கேட்கவும் வலு உண்டு. ஆனால் இளங்கலை முடித்தவரையே இளங்கலை வகுப்புக்கு விரிவுரையாளராகப் போட்டுவிட முடியாது. மேற்படிப்புக்கு அவர் வெளிநாடு போக வேண்டும்; திரும்பி வரும்வரை தன்னார்வலர்களை நம்பித்தான் வகுப்பு நடக்கும்.

இலங்கை படிப்படியாக ஏறியது. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1990களின் பிற்பகுதியில் பிரித்தானியர்களின் துணையோடு டிப்ளோமா வந்தது. 2008 இல் நான்காண்டுப் பட்டமானது. மெதுவான வழிதான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. காரணம் வார்டில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்குக் கஞ்சியை எவ்வளவு கெட்டியாக, எத்தனை கரண்டி கொடுத்தால் புரையேறாது என்பதைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று ‘இப்போது நிறுத்து, தொண்டையைப் பார்’ என்று சொல்ல ஒரு மூத்தவர் வேண்டும். பட்ட மாணவர்கள் வார்டுக்கு வந்தபோது, டிப்ளோமா முடித்து அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பத்து வருடம் வீண்போகவில்லை.

சரி, இலங்கை வழியில் குறையே இல்லையா? நம் கண்ணை உறுத்தும் குறை ஒன்று உண்டு. தமிழில் சிகிச்சை செய்யக்கூடியவர்கள் அங்கே மிகவும் குறைவு. வாழைப்பழப் படத்தைக் காட்டியதும் ஒரு குழந்தை ‘வாளப்பளம்’ என்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வட்டாரப் பேச்சா, உச்சரிப்புக் கோளாறா? வீட்டில் அம்மாவும் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார். தெரியாதவர், கோளாறே இல்லாத பிள்ளைக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பார்.

அதனால் வடக்கு, கிழக்குக்கு லண்டனைவிடச் சென்னையோடு கூட்டு வைப்பது நல்லது என்பேன். பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகள் சென்னையில் இருக்கின்றன. தமிழில் நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சில மாதம் யாழ்ப்பாணம் போய் வார்டில் நின்று சொல்லித் தரலாம். கூட்டுக்கென்று வரும் பணத்தில் முதல் பங்கு, உள்ளூர்ப் பிள்ளைகள் இருவர் மூவரின் முதுகலைப் படிப்புக்குப் போகட்டும், கட்டடம் அப்புறம்.

ஆனால் சென்னையிலிருந்து போகிறவரும் அங்கே முதல் வாரம் மாணவராகத்தான் உட்கார வேண்டும். ‘பிள்ளை நல்லா பேசுதா?’ என்று அவர் கேட்டால், யாழ்ப்பாணத்து அம்மா ‘ஆரை?’ என்று திருப்பிக் கேட்கக்கூடும். அங்கே ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. ‘பிள்ளை கதைக்குதா?’ என்றுதான் கேட்க வேண்டும்.