பச்சைக் கண்ணாடி, கருங்கண்ணாடி, ஃபிலிம்: எந்த வண்டிக்கு எது?

மதியம் இரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து திருச்சிக்குப் புறப்பட்டால், விழுப்புரம் தாண்டியும் வெயில் காரின் வலப்பக்கத்தை விடாது. ஓட்டுநரின் வலக்கை காயும். அவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் துப்பட்டாவையோ துண்டையோ எடுத்துக் கதவுக் கண்ணாடியில் செருகிக்கொள்வார். எங்கள் வண்டியில் அந்த இடம் அம்மாவுடையது. அதனால்தான், புதுக் கார் பார்க்கத் தொடங்கியபோது என்ஜினையும் மைலேஜையும் விடக் கண்ணாடியைப் பற்றி அதிகம் விசாரித்தேன். விசாரித்த பிறகு தெரிந்தது, நம்மில் பலர் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம் என்பது: கருமை, குளிர்ச்சி, தோலுக்குப் பாதுகாப்பு. ஒரு கண்ணாடி கருப்பாக இருப்பதாலேயே மற்ற இரண்டும் கிடைத்துவிடாது.

தொழிற்சாலையிலேயே நிறமேற்றிய கண்ணாடி என்பது மேலே பூசியதோ ஒட்டியதோ அல்ல. மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் உருக்கும்போதே இரும்பு ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். உருகிய குழம்பை, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தகடாக்குகிறார்கள். நம் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-ஆம் ஆண்டிலிருந்து இந்த முறையில்தான் கண்ணாடி செய்கிறது. நிறம் கண்ணாடியின் உடம்பு முழுவதும் ஓடுவதால் உரியாது, குமிழ் விடாது, சில வருடங்களில் ஊதாவாக வெளிறாது.

அந்த இளம்பச்சை அழகுக்காக வந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது இரும்பு செய்யும் வேலையின் அடையாளம். இரும்பின் ஒரு வடிவம் வெப்பத்தைச் சுமந்துவரும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது. இன்னொரு வடிவம் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. ஒன்றின் நீலமும் மற்றதன் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. கருஞ்சாம்பல் கண்ணாடியில் இரும்பை அதிகமாக்கி, கோபால்ட், செலினியம் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். இவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைப்பதற்கே. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரியாமல் இருக்க அது உதவும்.

சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அகச்சிவப்பாகவே வருகிறது. ஆகவே, அகச்சிவப்பை நன்றாக உறிஞ்சும் ஒரு பச்சைக் கண்ணாடி, பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே, மலிவான கருப்பு ஃபிலிமை விட அதிக வெப்பத்தை நிறுத்த முடியும். உறிஞ்சும் கண்ணாடிக்கு ஒரு பலவீனமும் உண்டு. உறிஞ்சிய வெப்பம் கண்ணாடியிலேயே தங்குகிறது. வண்டி ஓடும்போது காற்று அதை வெளிப்பக்கமாக அள்ளிச் செல்லும். நிறுத்தி வைத்தால் அதில் ஒரு பங்கு உள்ளேதான் வரும். வெயிலில் நிற்கும் காருக்கு எந்த நிறக் கண்ணாடியும் நிழலுக்கு ஈடாகாது. முன்கண்ணாடிக்கு உட்புறம் மடிப்பு அட்டை வைப்பதை இன்றும் நான் விடவில்லை.

ஒரே ஊரில் இரண்டு கண்ணாடி

அமெரிக்கத் தெருக்களில் எஸ்யூவிகளின் பின்பாதி மட்டும் கருப்பாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். விலை உயர்ந்த வண்டி, அதனால் கருங்கண்ணாடி என்று நினைக்கத் தோன்றும். காரணம் சட்டத்தில் இருக்கிறது. அங்கே பயணிகள் கார் என்று வகைப்படுத்தப்பட்ட வண்டியில் எல்லா ஜன்னல்களும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். எஸ்யூவி, மினிவேன், பிக்கப் போன்றவை பல்பயன் வாகனம் அல்லது டிரக் என்ற வகைக்குள் வருகின்றன. அவற்றில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் ஆலையிலிருந்தே ஏறக்குறைய 20 சதவீத வெளிச்சம் மட்டும் நுழையும் கண்ணாடி பொருத்தி அனுப்புகிறார்கள். சுபாருவின் லெகஸி செடானையும், அதே அடித்தளத்தில் உருவானாலும் பல்பயன் வகையில் சேரும் அவுட்பேக்கையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். முதலாவதில் சுற்றிலும் இளம்பச்சை. இரண்டாவதில் பின்கதவிலிருந்து கருமை. கண்ணாடியின் மூலையில் உள்ள சிறு முத்திரையும் இதைச் சொல்லும்: ஏஎஸ்2 என்றால் 70 சதவீதத்துக்குக் குறையாதது, ஏஎஸ்3 என்றால் அதற்கும் கீழே.

பிரிட்டனும் ஜப்பானும் வண்டியின் வகையைப் பார்ப்பதில்லை, இருக்கையின் இடத்தைப் பார்க்கின்றன. முன்கதவுக் கண்ணாடிக்கு 70 சதவீதம் கட்டாயம், பின்னால் விருப்பம்போல். ஜப்பானின் குட்டிக் கார்களில்கூடப் பின்கண்ணாடி கருப்பாக வருவது அதனால்தான்.

இந்தியாவின் கணக்கு வேறு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி, முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளுக்குக் குறைந்தது 50 சதவீதம் என்கிறது. ஆல்ட்டோவுக்கும் ஃபார்ச்சூனருக்கும் ஒரே அளவு. எனவே அமெரிக்க விமர்சகர் ஒருவர் எஸ்யூவியின் கருங்கண்ணாடியைப் புகழ்வதைக் கேட்டு இங்கே ஷோரூமில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். நம்மூரில் பெரிய வண்டி வாங்குவதால் கருமையில் சலுகை எதுவும் கிடையாது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வெயில் எல்லா வண்டிக்கும் ஒன்றுதானே.

ஃபிலிம் ஒட்டலாமா?

2012 ஏப்ரல் 27 அன்று அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்த அளவு வெளிச்சம் விடும் ஃபிலிமாக இருந்தாலும் கண்ணாடியில் ஒட்டக் கூடாது என்றது. ஆலையிலேயே விதிக்கு உட்பட்டு நிறமேற்றிய கண்ணாடிக்குத் தடையில்லை என்றும் தெளிவாக்கியது. அப்போது எங்களிடம் இருந்த பழைய ஹேட்ச்பேக்கில் சுற்றிலும் கருப்பு ஃபிலிம். ஒட்டிய கடையிலேயே கொண்டுபோய் உரிக்கச் சொன்னேன். பின்கண்ணாடியில் பனிமூட்டம் நீக்கும் மெல்லிய கம்பிகள் உண்டல்லவா, அவற்றில் இரண்டு ஃபிலிமோடு சேர்ந்து உரிந்து வந்துவிட்டன. அந்த வருட ஐப்பசி மழையில் பின்னால் வருவது தெரியாமல் எத்தனை முறை வண்டியை ஓரம் கட்டித் துடைத்தேன் என்பதை மறக்கவில்லை. ஆலைக் கண்ணாடியின் அருமை எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

பிறகு 100-ஆவது விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் கண்ணாடியோடு பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புப் பொருளுக்கும் அதில் இடம் கிடைத்தது. அந்தத் திருத்தத்தைச் சுட்டிக்காட்டி, 70, 50 என்ற அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே ஃபிலிம் கடைகள் "50 சதவீத ஃபிலிம் சட்டப்படி சரி" என்று விற்கத் தொடங்கிவிட்டன. இந்த இடத்தில்தான் வாங்குபவர் பள்ளிக்கூடப் பெருக்கலை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் காரின் கதவுக் கண்ணாடி ஏற்கெனவே பச்சை. அது 75 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் 50 சதவீத ஃபிலிமை ஒட்டினால் உள்ளே வருவது 75-இல் பாதி, அதாவது 37.5 சதவீதம். விதியை மீறியாயிற்று. 70 சதவீத ஃபிலிம் என்றால் 52.5, பக்கக் கண்ணாடிக்கு மயிரிழையில் தேறும். அதே ஃபிலிமைப் பின்கண்ணாடியில் ஒட்டினால் தேறாது, அங்கே வரம்பு 70. போலீஸின் அளவுமானி ஃபிலிமைத் தனியாக அளப்பதில்லை, இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. எனவே பக்கக் கண்ணாடிக்கு மட்டும், ஏறக்குறைய நிறமே தெரியாத, அகச்சிவப்பைத் தடுக்கும் பீங்கான் துகள் ஃபிலிம் என்பதே விதிக்குள் நிற்கக்கூடிய தேர்வு. அதற்கு விலையும் அதிகம். மலிவான சாயம் பூசிய கருப்பு ஃபிலிம் வெளிச்சத்தை மட்டும் தின்றுவிட்டு வெப்பத்தைப் பெருமளவு உள்ளே விட்டுவிடுகிறது. காசு கொடுத்து இருட்டை வாங்குவதற்குச் சமம் அது.

புற ஊதாக் கதிர் விஷயத்தில் என் எண்ணத்தை மாற்றியது 2016-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு. 15 நிறுவனங்களின் 29 கார்களை அளந்தார்கள். தோலின் ஆழம்வரை போகும் புற ஊதா-ஏ கதிரை முன்கண்ணாடிகள் சராசரியாக 96 சதவீதம் தடுத்தன. கதவுக் கண்ணாடிகளின் சராசரி 71 மட்டும். அதிலும் காருக்குக் கார் 44 முதல் 96 வரை ஏற்ற இறக்கம். காரணம் எளிது. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை. அந்தப் படலம்தான் கதிரை நிறுத்துகிறது. கதவுகளில் பெரும்பாலும் ஒற்றைத் தகட்டு டஃபன்ட் கண்ணாடி. கருமையைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது.

வண்டிக்கு வண்டி

சிறிய ஹேட்ச்பேக்கில் பின்கண்ணாடி செங்குத்தாக நிற்கும், பரப்பும் குறைவு. ஆலைப் பச்சைக் கண்ணாடியே போதும். செடானில் பின்கண்ணாடி சாய்ந்து கிடப்பதால் பின்னிருக்கைக்காரரின் பிடரியில் நேராக வெயில் விழும். அங்கே ஃபிலிமுக்கு வழியில்லை என்று பார்த்தோம். எனவே சுருள்திரையோடு வரும் செடானையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இன்னோவா போன்ற மூன்று வரிசை வண்டிகள்தான் கடினமான கணக்கு. கண்ணாடிப் பரப்பு அதிகம். கடைசி வரிசையின் பக்கக் கண்ணாடி இறங்காது. ஏசி காற்று அங்கே போய்ச் சேருவதற்குள் தளர்ந்துவிடும். நம் வீடுகளில் அந்த வரிசையில் யாரை உட்கார வைக்கிறோம்? குழந்தைகளை. இங்கே எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. விலைப்பட்டியல்களைப் புரட்டினால், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி சில வண்டிகளில் டாப் மாடலுக்கு மட்டும். இன்னும் சிலவற்றில் முன்கண்ணாடிக்கும் முன்கதவுகளுக்கும் மட்டும். ஓட்டுபவருக்குக் கொடுக்கும் கண்ணாடியைப் பின்னால் தூங்கும் பிள்ளைக்குக் கொடுக்க என்ன தடை? பீங்கான் ஃபிலிமுக்குச் செலவழிக்க மனம் வந்தால், முதலில் இரண்டாம், மூன்றாம் வரிசைக் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் செலவழியுங்கள்.

எஸ்யூவிகளில் இப்போது கண்ணாடிக் கூரை பரவலாகிவிட்டது. அது ஆலையிலேயே நல்ல கருமையோடு வருகிறது. இருந்தும் நம் சித்திரை வெயிலில் திரை இல்லாத கூரையை நான் வாங்க மாட்டேன். உச்சிவெயில் விழும் இடம் அதுதான். ஆம்னி பஸ்களில் ஜன்னலின் அகலத்துக்கு எந்த நிறமும் ஈடுகொடுக்காது. துணித்திரைதான் அங்கே வழி.

முன்கதவுக் கண்ணாடியை மட்டும், எந்த வண்டியாக இருந்தாலும், ஒரு சதவீதம்கூட இருட்டாக்காதீர்கள். வெளியே உள்ள பக்கவாட்டு மிரரில் பின்னால் வருவதைப் பார்ப்பது அந்தக் கதவுக் கண்ணாடி வழியாகத்தான். விளக்கில்லாத ஊர்ச்சாலையில், மழையில், முகப்பு விளக்கு எரியாத ஒரு டிவிஎஸ் எக்செல் பக்கத்தில் வருவது தெரிய வேண்டும். அந்தக் கையில் வெயில் பட்டால் பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

நான் கடைசியில் எடுத்தது, நான்கு கதவிலும் ஆலைப் பச்சைக் கண்ணாடி உள்ள நடுத்தர மாடல் ஒன்று. பின்கதவு இரண்டிலும் ஜன்னல் சட்டகத்தில் செருகும் வலைத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். சில ஊர்களில் போலீஸ் அதற்கும் ஆட்சேபம் சொல்வதுண்டு, சொன்னால் கழற்றிவிட ஒரு நொடி போதும். பதிவு செய்வதற்கு முன் ஒரு மாலை நான்கு மணிக்கு ஷோரூமுக்குப் போய், வண்டியை மேற்கு வெயிலில் நிறுத்தச் சொல்லி, முன்கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கையையும் பின்கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கையையும் ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். விற்பனையாளர் பொறுமையாகக் காத்திருந்தார். இரண்டு கையிலும் ஒரே சூடு. அதன் பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.