கல்லடி ஒருநாள் பயோ கிளாஸ்: ஒடுக்கற்பிரிவு மட்டும், 1500 ரூவா பெறுமா?

ஒடுக்கற்பிரிவு எண்டா முட்டை, விந்து உண்டாக நிறமூர்த்தம் (குரோமோசோம்) பாதியாகிற கலப்பிரிவு. மொதல்லயே சொல்லிர்றன், இழையுருப்பிரிவு (உடம்பு வளர நடக்கிற சாதாரண கலப்பிரிவு) ஒழுங்காத் தெரியாத ஆக்கள் இதுக்குப் போய் காசக் கரைக்க வேணாம், சேர் அதத் தொடவே மாட்டாரு. மத்த ஏ.எல் புள்ளையளுக்கு பெறும், முன்னவத்தை ஒண்டுக்காகவே (முதலாம் பிரிவிட மொதல் கட்டம்) பெறும்.

வழமையா இந்தப் பாடம் நடக்கிற விதம் தெரியும்தானே, போர்ட்ல நாலு வட்டத்தக் கீறி முன்னவத்தை அனுவவத்தை மேன்முகவவத்தை ஈற்றவத்தை எண்டு நாலு கட்டத்தயும் எழுதி, இப்ப இதயே ரெண்டு தரம் எழுதுங்க எண்டு விட்டுருவாங்க. இங்க ஒவ்வொரு வாங்குக்கும் செவப்பு, நீலம் ரெண்டு நிறத்தில ஊல் நூலும் சேட்டுப் பொத்தானும் தாறாங்க. செவப்பு அம்மாட நிறமூர்த்தம், நீலம் அப்பாட. ஒரே நிறத்தில ரெண்டு நூல பொத்தானால கட்டினா அரைநிறவுரு ரெண்டும் (ஒரு நிறமூர்த்தத்திட ரெண்டு பிரதி இழை) மையப்பாத்தும் (அதுகள் ஒட்டி நிக்கிற இடம்) வந்திட்டு. மறுகா செவப்பயும் நீலத்தயும் பக்கத்தில படுக்க வச்சி, ஒரு செவப்பு நூல்ட நுனியயும் ஒரு நீல நூல்ட நுனியயும் வெட்டி மாத்திக் கட்டச் சொன்னாரு, குறுக்குப் பரிமாற்றம் முடிஞ்சிது. முன்னவத்தை ஒண்டிட உள்கட்டம், லெப்டோட்டீன்ல இரிந்து டயாகைனசிஸ் வரைக்கும் அஞ்சும் இப்பிடித்தான், பக்கிட்டீன்ல மாத்துறது, டிப்ளோட்டீன்ல சோடி விலகப் பாக்கேக்க மாத்தின இடத்தில மட்டும் கொளுவிக்கிட்டு நிக்கும், அதுதான் கயாஸ்மா. பாடமாக்கி வச்சிரிந்த பேரெல்லாம் கையில தட்டுப்பட்டா அது வேற மாதிரித்தான்.

முதலாம் பிரிவில பொத்தான் பிரியாது, சோடிதான் பிரியும், 46 நிறமூர்த்தம் அங்கதான் 23 ஆகிறது. ரெண்டாம் பிரிவிலதான் பொத்தான் உடையும். இடையில டிஎன்ஏ இரட்டிப்பு இல்ல. 23 சோடியும் எந்தப் பக்கம் திரும்பி நிக்கும் எண்டதுக்கு மட்டுமே 83 லட்சத்து 88 ஆயிரத்து 608 விதம் இரிக்காம், பரிமாற்றத்தச் சேக்காமலே. நானும் தங்கச்சியும் ஒரே வீட்டு ஆக்கள் எண்டு ஒருத்தரும் நம்பாததுக்கு இப்ப காரணம் கெடச்சிட்டு.

எனக்கு ஆகப் புடிச்சது முட்டைப் பகுதி. பொம்புளப் புள்ளைக்கு இது தாய்ட வயித்துக்குள்ள இரிக்கேக்கயே தொடங்கி முன்னவத்தை ஒண்டில அப்பிடியே நிண்டிருமாம், வயசுக்கு வந்தாப் பொறகுதான் மாசா மாசம் தொடரும், மறுகாவும் அனுவவத்தை ரெண்டில (ரெண்டாம் பிரிவிட அனுவவத்தை) நிண்டு விந்து உள்ள போனாத்தான் முடிக்கும். அப்ப நான் உண்டான முட்டை, அம்மா அம்மம்மாட வயித்தில இரிந்த காலத்திலயே வேலையத் தொடங்கினது! இவ்வளவு காலம் நிக்கிறதும் ஒரு காரணம், வயசு கூடின தாய்மாருக்கு 21ஆம் நிறமூர்த்தம் பிரியாமப் போற சான்ஸ் கூடுறதுக்கு, அதால வாறதுதான் டவுன் சிண்ட்ரோம். இதச் சொல்லேக்க ஹோல்ல ஒரு சத்தமில்ல.

இனி குறை. மைக்ரோஸ்கோப்பில காட்டுவம் எண்டு நோட்டிஸ்ல போட்டிரிந்தாங்க, வரிசையில நிண்டு பாத்தா வெங்காய வேர்நுனி. அட, வேர்நுனியில நடக்கிறது இழையுருப்பிரிவுகா! ஒடுக்கற்பிரிவு பாக்க பூ மொட்டுக்குள்ள இளம் மகரந்தக்கூடு எடுத்திரிக்கணும், மொட்டுக்கா இஞ்ச பஞ்சம்? டியூட் (கிளாஸ்ல தாற குறிப்பு) கறுப்பு வெள்ளை போட்டோக்கொப்பி, செவப்பும் நீலமும் ஒரே கறுப்பு, நிறப் பேனை கொண்டு போங்க. நூலோட காலமை முழுக்கப் போனதால விந்தாக்கம் கடசி அவசரத்தில ஓடிட்டு, ஒண்டில இரிந்து நாலு விந்து, முட்டை எண்டா ஒண்டுதான் மிச்சம் முனைவுடல் (முட்டையாகாத சின்னக் கலம்) எண்டு சொன்னதோட சரி. பின்னேரம் பின் வாங்குக்கு ஃபேன் காத்து வராது, முன்னுக்கு இரிக்கப் பாருங்க.

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கத்தால வாற ஆக்களுக்கு கல்லடிப் பாலம் தாண்டாமலே இறங்கலாம். செங்கலடி, வாழைச்சேனைப் பக்கம் எண்டா கெதியா வெளிக்கிடுங்க, மட்டக்களப்பு டவுனுக்கு வந்து பாலத்தால இஞ்சால வரணும், நூல் வேலை தொடக்கத்திலயே நடக்கிறதால பிந்திப் போனா 1500உம் வீண்.