நிக்கான் இசட் 14-30 மி.மீ. எஃப்/4 எஸ்: எரிமலை வாயின் விளிம்பில் இந்த லென்ஸ் எப்படி?

எதிரே நிற்கும் மலையைப் படமெடுப்பது ஒன்று. காலடியில் சரிந்து இறங்கி, எதிரே மறுபடி எழும் பள்ளத்தைப் படமெடுப்பது முற்றிலும் வேறு. எரிமலை வாய்ப் படத்தில் ஆழம் தெரிய வேண்டும், எதிர்ச்சுவர் ஓங்கி நிற்க வேண்டும். அகலக் கோண லென்ஸ் செய்வதோ நேர்மாறான வேலை. கிட்டே இருப்பதை ஊதிக்காட்டி, எட்டத்தில் இருப்பதைச் சுருக்கிவிடும். 2019இல் வந்த இந்த லென்ஸைப் பலர் 14 மி.மீ. குவியத் தூரத்துக்காகவே வாங்குகிறார்கள் (இந்த எண் சிறுக்கச் சிறுக்கக் காட்சி அகலும்). ஆனால் எரிமலை வாயில் அதிகம் கைகொடுப்பது 20 முதல் 30 வரையிலான பகுதிதான்.

ஐஸ்லாந்தில் ஏரியோடு இருக்கும் கெரித் எரிமலை வாயை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 55 மீட்டர் ஆழம், 170 மீட்டர் அகலம், 270 மீட்டர் நீளம். குறுக்கே, எதிர் விளிம்பில் ஒருவர் நிற்கிறார். 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் (36×24 மி.மீ. சென்சார் கொண்ட) கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து 14இல் எடுத்தால் அவர் உயரம் ஏறத்தாழ 23 பிக்சல். 30இல் எடுத்தால் 50. முன்னதில் அது ஒரு புள்ளி, பின்னதில் அது ஒரு ஆள். எரிமலை வாய்க்குள் அளவு சொல்ல வீடோ மரமோ பெரும்பாலும் இருக்காது. அந்த ஆளும் புள்ளியாகிவிட்டால், பார்ப்பவருக்கு இது எரிமலையா கல்குவாரியா என்றே பிடிபடாது.

அப்படியானால் 14 எதற்கு? வட்டத்தை மூடுவதற்கு. விளிம்பு வளைந்து வந்து இருபுறமும் ஃப்ரேமுக்குள் அடங்கினால்தான் அது வாய். ஓரங்களில் அறுபட்டால் ஏதோ ஒரு பள்ளத்தாக்கு போலத்தான் தெரியும். 14இல் கிடைமட்டமாகச் சுமார் 104 பாகை விழுகிறது, 24இல் 74தான். ஆகவே விளிம்பின் உயரமான மேட்டில் ஏறி, காலடி விளிம்பின் வளைவும் தெரியும்படி 14இல் எடுங்கள். எஃப்/8இல் (எஃப் எண் கூடக்கூட ஒளித்துளை சிறுத்து, தெளிவின் ஆழம் கூடும்) 85 சென்டிமீட்டரில் ஃபோகஸ் வைத்தால், கணக்குப்படி அரை மீட்டர் தொலைவிலுள்ள எரிமலைக் கல்லிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். 45 மெகாபிக்சல் கேமராவுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தாராளம். எஃப்/11க்குப் போய்விடுங்கள், அதைத் தாண்ட வேண்டாம்.

ஒரு தவறு மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஏரி முழுவதும் விழ வேண்டுமென்று கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்க்கிறார்கள். அப்போதும் ஏரி ஃப்ரேமின் கீழ் மூலையிலேயே ஒதுங்கி நின்றால் முட்டை வடிவில் இழுபடுகிறது. பக்கச் சுவர்கள் வெளியே சாய்ந்து, ஆழமான கிண்ணம் தட்டையான தாம்பாளமாகிவிடுகிறது. இது லென்ஸின் கோளாறு அல்ல, எந்த அகலக் கோணத்துக்கும் உள்ள குணம். ஏரியை நடுவில் வைத்து, தேவையானால் 20க்கு வந்து, செங்குத்து ஃப்ரேமில் எடுத்தால் ஆழம் திரும்பி வரும்.

ஒளியியலில் குறை உண்டு. 14இல் பீப்பாய் வளைவு, அதாவது நேர்கோடுகள் வெளிப்புறமாக வளைந்து தெரிவது, பலமாகவே இருக்கிறது. கேமராவும் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளும் தாமாகவே நிமிர்த்திவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிமிர்த்தும்போது மூலைகள் இழுக்கப்படுவதால் எஃப்/4இல் அங்கே மென்மை தட்டும். எஃப்/8இல் நன்றாகத் தேறிவிடும். மூலையில் கரடுமுரடான எரிமலைக் கல் வரும் படத்துக்கு எஃப்/8க்குக் குறையாதீர்கள்.

இதன் உண்மையான பலம் முன்பக்கக் கண்ணாடி குமிழாக வெளியே துருத்தாமல் இருப்பதும், 82 மி.மீ. ஃபில்டரை நேராகத் திருகிக்கொள்ள முடிவதும்தான். எடை 485 கிராம், ஏற்றத்தில் தோள் நன்றி சொல்லும். போலரைசர் ஃபில்டர் ஏரிப் பரப்பின் பளபளப்பை நீக்கி அடியிலுள்ள பச்சையையும் நீலத்தையும் வெளிக்கொண்டுவரும். ஆனால் 14இல் வானத்தில் கரும்பட்டை விழும், ஏனெனில் சூரியனுக்கு 90 பாகையில் மட்டுமே வானம் அதிகமாக இருள்கிறது. வானத்தைக் குறைத்துவிடுங்கள், அல்லது ஃபில்டரைப் பாதியளவே திருப்புங்கள். பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டர் இங்கே சரிப்படாது. எதிர் விளிம்பு நேர்கோடாக இல்லாததால் அதன் உச்சிகள் கருத்துப்போகும். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி) மூன்று படங்கள் எடுத்து இணைப்பதே மேல். நகரும் புகையை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் இரட்டை உருவம் விழும்.

சாம்பல் விஷயத்தில் கவனம் தேவை. அதில் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் கலந்திருக்கும். துணியால் துடைத்தால் கீறல்தான். முதலில் ஊதுகுழலால் ஊதிவிட்டு, பிறகே லென்ஸை உள்ளே மடக்குங்கள். கந்தகப் புகை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாவதால், கண்ணாடிக்கு முன்னால் சாதாரண ஃபில்டர் ஒன்று இருக்கட்டும். இறங்கியதும் அதை ஈரத்துணியால் துடையுங்கள்.

இந்தோனேசியாவின் இஜென் எரிமலையில் இரவில் தெரியும் நீலச் சுடரை எடுக்கப் போகிறவர்களுக்கு இந்த லென்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். எஃப்/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் ஒரு ஸ்டாப் குறைவு. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டும். நேரத்தை நீட்டினால் சுடரின் நாக்குகள் குழைந்து வெறும் நீலப் பஞ்சாகிவிடும். அதுபோல, அதே நாட்டின் பெனஞ்சாக்கான் மேட்டிலிருந்து புரோமோ எரிமலையின் வாயையும் பின்னால் 3676 மீட்டர் உயரத்தில் புகையும் செமேரு எரிமலையையும் ஒன்றாக எடுக்க நினைத்தால், இதன் 30 மி.மீ. கூடப் போதாது, பையில் 70-200 மி.மீ. லென்ஸும் இருக்க வேண்டும்.